கோட்டைக்கு முன்னால் ஆறு கல்

தம்பி அபுதாபியிலிருந்து அனுப்பிய பெட்டியை நான்கு நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன். அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஒருவர் விடுமுறையில் வந்தபோது மெனக்கெட்டுத் தஞ்சாவூர் வரை வந்து கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஒரு வீடியோ கேம். அனுப்புகிறவர்களுக்கு அனுப்புவதோடு வேலை முடிந்துவிடும். பிரிப்பது, ஒயர் மாட்டுவது, அதற்கொரு பிளக் பாயிண்ட் தேடுவது, அப்பாவை அதற்கு முன்னால் உட்கார வைப்பது எல்லாம் இங்கே இருக்கிறவள் தலையில். அப்போது இன்னொரு வேலையைக் கையிலெடுக்கும் நிலையில் நான் இல்லை.

அப்பாவுக்குத் தை மாதம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. கால் மெல்லத் திரும்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடந்தார். பேச்சு ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து சொல், அதுவும் குழறலாக. கை மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "முதல் ஆறு மாசம்தாம்மா முக்கியம். கை எவ்வளவு திரும்பணுமோ, பெரும்பாலும் அதுக்குள்ள திரும்பிடும். அப்புறம் ரொம்ப எதிர்பார்க்காதீங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் ஜூலை மாதத்துத் தாளின் மூலையை மடித்து வைத்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் தன் கையால் சாப்பிட வேண்டும். நான் ஸ்பூனால் ஊட்டும்போது அப்பா கண்ணை மூடிக்கொள்வார். முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை திறக்கவே மாட்டார். இடது கையில் ஸ்பூனைக் கொடுத்துப் பார்த்தேன், தள்ளிவிட்டார். நான் என்ன சமைத்தேன், உப்பு இருக்கிறதா இல்லையா, எதையும் அந்த முகத்திலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. மூடிய கண்ணுக்கு எதிரே தினம் மூன்று வேளை உட்கார்ந்திருப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்து, அது முடிந்தும் போனது. அதை இங்கே எழுதப் போவதில்லை. தாலுகா ஆபீசில் உதவியாளர் வேலை. அம்மா இல்லை. நான் ஆபீஸ் போகும் நேரத்தில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊரிலிருந்து அத்தை வருவார். அப்பாவின் சித்தப்பா மகள். காலை எட்டு மணி டவுன் பஸ்ஸில் வந்து, நான் வீடு திரும்பியதும் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுவார். முழங்கால் தேயும் வரை நடவு நட்டவர். வாய் மட்டும் தேயவில்லை.

அப்பாவும் அத்தையும் ஒரே வயல்களில் கூலிக்கு நின்றவர்கள். நடவு நாட்களில் நாற்றுக் கட்டுகளை, முடி என்போம், வயலுக்குள் வீசிப் போடுவது அப்பாவின் வேலை. பெண்கள் வரிசையாகக் குனிந்தபடி பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவார்கள். கையிலிருக்கும் முடி தீர்கிற இடத்தில் அடுத்த முடி கைக்கெட்டும்படிக் கிடக்க வேண்டும். தள்ளி விழுந்தால் அவர்கள் நிமிர்ந்து போய் எடுத்துவர வேண்டும். வேகமாக விழுந்தால் முகத்தில் சேறு தெறிக்கும். இரண்டுக்கும் வசவு நிச்சயம். அப்பா அதிகம் வசவு வாங்கியதில்லை என்று அத்தை சொல்வார். எனக்கு அந்த வயல்கள்மேல் பாசம் ஒன்றும் கிடையாது. மழைக்காலத்தில் அப்பாவின் கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண்ணாக இருக்கும். அந்த வேலை தன்னோடு ஒழியட்டும் என்றுதான் அவர் என்னைப் படிக்க வைத்தார்.

பெட்டியைக் கடைசியில் பிரித்தது பிசியோதெரபிக்கு வரும் பெண். நாகூர்ப் பக்கத்துப் பெண், மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, தினமும் செய்ய வேண்டியதை எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவாள். டி.வி.க்கு அடியில் வைக்க ஒரு கறுப்புப் பெட்டி, கையில் பிடிக்க டார்ச் லைட் அளவில் ஒரு கட்டை. கட்டையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே கையை வீசினால் டி.வி.க்குள் ஒரு கல் பறக்கும். எதிரே ஒரு கோட்டை. மதில், கோபுரங்கள், மேலே மீசை வைத்த ஒரு தடி ராஜா. ஓர் ஆட்டத்துக்கு ஆறு கல். எவ்வளவு வேகமாக வீசுகிறோமோ அவ்வளவு தூரம் கல் போகும். கோட்டை இடிய இடியப் பாயிண்ட் ஏறும். இடியாவிட்டால் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

"இது ரொம்ப நல்லதுக்கா. எக்சர்சைஸ்னு சொன்னா செய்ய மாட்டாங்க. விளையாட்டுன்னா செய்வாங்க" என்றாள் அந்தப் பெண். அப்பாவால் கட்டையைப் பிடிக்க முடியாததால் ஒட்டுப்பட்டையால் உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டினாள். "தினம் அரை மணி நேரம். விடாம செய்யணும். கை தூக்குறப்போ நீங்க முழங்கைய மட்டும் தாங்கிக்குங்க."

முதல் பத்து நாள் கல் கிளம்பவே இல்லை. அப்பாவின் தோள் ஓர் அங்குலம் அசையும், அவ்வளவுதான். பிறகு கை முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது. கல் பறந்தது, ஆனால் மதிலுக்கு நெடுந்தூரம் முன்னாலேயே புல்லில் விழுந்தது. அதுவாவது ஒழுங்காக ஒரே இடத்தில் விழுமா என்றால் அதுவும் இல்லை. ஒன்று இடது கோடியில், ஒன்று கொஞ்சம் தள்ளி, ஒன்று நடுவில். நான் ஆபீசிலிருந்து வந்து, முகம்கூடக் கழுவாமல் முழங்கையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

"ஒரே இடத்தப் பாத்து அடிங்கப்பா. அங்க ஒண்ணு இங்க ஒண்ணா போட்டா எப்படி இடியும்? வேகமா வீசுங்க!"

அப்பா தலையாட்டுவார். அடுத்த கல்லும் அதே மெதுவில் கிளம்பி, இன்னொரு இடத்தில் போய் உட்காரும். ராஜா சிரிப்பான். சைபர். நான்கு வாரம் தினமும் சைபர்.

அந்தச் சைபர் என் தம்பியின் போனுக்கும் போகும்படி அவனே ஏதோ அக்கவுண்ட் போட்டு வைத்திருந்தான். அங்கே மணி என்ன ஆனாலும் பார்த்துவிட்டு உடனே கூப்பிடுவான்.

"அக்கா, இன்னிக்கும் சைபர்தானா? நீ பக்கத்துல இருந்து சொல்லிக் குடுக்குறியா இல்லையா?"

"குடுக்குறேன்டா."

"அப்புறம் ஏன் ஒரு பாயிண்ட் கூட வரல? ஒரு மாசம் ஆச்சுல்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வந்து நீயே செய்யேன் என்று நாக்கு நுனி வரை வரும். அவனும் அங்கே சுகமாக இல்லை, வெயிலில் நின்று வேலை பார்க்கிறான் என்று விழுங்கிவிடுவேன்.

அந்த நேரம் பார்த்து ஜமாபந்தி வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை தாலுகாவின் கிராமப் பதிவேடுகளை எல்லாம் கொண்டுவந்து அடுக்கித் தணிக்கை செய்வார்கள். கூடவே ஜனங்களிடம் மனு வாங்குவார்கள். பட்டாவில் பெயர் தப்பு, வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள், வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். அத்தனை பேருடைய கோபமும் மனு வாங்கும் மேஜையில்தான் இறங்கும். அந்த வருஷம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது நான். ஒரு பெரியவர் என் முகத்துக்கு நேரே மனுவைக் கிழித்துப் போட்டார். நான் அதைப் பொறுக்கி ஒட்டி நம்பர் போட்டேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அத்தை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார். அவர் போனதும் டி.வி.யைப் போட்டேன். அப்பா நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். எழுப்பவும் தெம்பில்லை, எழுப்பிவிட்டு முழங்கையைத் தாங்கவும் தெம்பில்லை. போன் அடிப்பதற்குள் ஏதாவது ஒரு பாயிண்ட் வந்தால் போதும் என்று தோன்றியது. கட்டையை என் கையில் எடுத்தேன்.

முதல் கல்லிலேயே ஒரு கோபுரம் பெயர்ந்து விழுந்தது. பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்திருந்தது. மனுவைக் கிழித்த பெரியவருக்கு ஒரு கல். என் மேலதிகாரிக்கு ஒரு கல். எழுதப் போவதில்லை என்று சொன்ன அந்தப் புகுந்த வீட்டுக்கு இரண்டு கல். ராஜா தலைகுப்புற விழுந்தான். இரண்டாயிரத்துச் சொச்சம் பாயிண்ட். மூச்சு வாங்கத் திரும்பினால் அப்பா விழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டு டி.வி.யைப் பார்த்தார். பிறகு வலது கையை, மடியிலிருந்து நாலு விரற்கடை தூக்கி, பட்டையைக் கட்டச் சொல்லி நீட்டினார்.

"நாளைக்குப்பா. இன்னிக்கு ஒரு நாள் விட்டுருங்க" என்றேன்.

போன் அடித்தது. தம்பி கத்தினான். "அக்கா! அப்பா பின்னிட்டாரு! ரூம்ல எல்லாருக்கும் காட்டிட்டேன்!" உண்மையைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால் ஒரு மாதத்துக்குப் பிறகு அவன் குரலில் சந்தோஷம் கேட்டது. நானும் ஒரு மாதத்துக்குப் பிறகு திட்டு வாங்காமல் இருந்தேன். "ஆமாண்டா" என்றேன்.

ஒரு நாள் சொன்னால் மறுநாளும் சொல்ல வேண்டியிருந்தது. நேற்று இரண்டாயிரம் அடித்தவர் இன்று சைபர் போட்டால் ஏன் என்று கேட்பான். நானே வீசினேன். மூன்று வாரம். தினமும் சாயங்காலம் வந்து கோட்டையை இடித்துவிட்டு, போனில் பாராட்டு வாங்கிக்கொண்டு, சமையலுக்குப் போனேன். நாலாயிரம் வரை கொண்டுபோனேன். முதல் வாரம் அப்பா தினமும் கையை நீட்டினார். நான் தினமும் "நாளைக்கு" என்றேன். இரண்டாவது வாரத்தில் ஒருநாள் கவனித்தேன், அவர் நீட்டவில்லை. நான் விளையாட ஆரம்பித்ததும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது எனக்கு வந்தது நிம்மதிதான். அதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

மூன்றாவது வாரக் கடைசியில், சனிக்கிழமை, என் வலது தோள் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்கி ஜடை போட முடியவில்லை. கோட்டை இடித்ததில் வந்த வினை. அன்று எனக்கு லீவு. அத்தையை வர வேண்டாம் என்று சொல்ல மறந்திருந்தேன், வந்துவிட்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தம்பி போன் செய்வதற்குள் ஆட்டத்தை முடித்துவிடலாம் என்று கட்டையை எடுத்தால் கை இடுப்புக்கு மேல் எழவில்லை. வேறு வழியில்லாமல் அப்பாவின் கையில் பட்டையைக் கட்டினேன். என் கை வலித்ததால் அவர் முழங்கையைக்கூடத் தாங்கவில்லை. "போடுங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை தரையில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அவர் அதுவரை இந்த விளையாட்டைப் பார்த்ததில்லை. எங்கள் விளையாட்டு நேரம் அவருக்குப் பஸ் நேரம்.

அப்பா கையைப் பின்னால் கொண்டுபோய், இடுப்பு உயரத்தில் முன்னால் விட்டார். முதல் கல் புல்லின் இடது கோடியில் விழுந்தது. இரண்டாவது அதிலிருந்து கொஞ்சம் தள்ளி. மூன்றாவது அதே அளவு தள்ளி. நான்காவதும் அப்படியே. ஐந்தாவது சற்று முன்னால் விழுந்தது, ஆறாவது கை தளர்ந்து அருகிலேயே விழுந்தது. ராஜா சிரித்தான்.

அத்தை வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு டி.வி.யையே பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டு கேட்டார். "அண்ணே, முடியெல்லாம் போட்டாச்சு. நடவு ஆளுங்க எங்கண்ணே?"

அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, சத்தமாக, தோள் குலுங்க. ஐந்து மாதத்தில் முதல் சிரிப்பு. "வ... வரல" என்றார். "இன்... னும் வரல."

"சோம்பேறிச் சிறுக்கிங்க" என்றார் அத்தை. என் பக்கம் திரும்பி, "அண்ணனுக்கு ஒடைக்கவா தெரியும்? எட்டடிக்கு ஒண்ணு, பின்னாடி கைய நீட்டுனா இருக்கும். பாரு, அளந்து வச்ச மாதிரி" என்றார்.

நான் தைலக் கையோடு டி.வி. முன்னால் போய் நின்றேன். நான்கு கல்லும் ஒரு வரிசை. நடுவில் விட்ட இடம் ஒரே அளவு. அங்கே ஒன்று இங்கே ஒன்றாகப் போடுகிறீர்களே என்று ஒரு மாதம் நான் கத்தியது இதற்குத்தான். அப்போதே அந்தக் கை, எங்கே போட வேண்டுமோ அங்கே போட்டுக்கொண்டிருந்தது. நான் பாயிண்டை மட்டும் பார்த்தேன், கல்லைப் பார்க்கவே இல்லை. நாற்று முடி விழும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள், எனக்கே தெரியவில்லை. டி.வி.க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். தோள் வலி என்று அத்தை நினைத்துக்கொண்டார்.

போன் அடித்தது.

"அக்கா, என்ன இன்னிக்கு சைபர்? நேத்து நாலாயிரம் போட்டாரே. அப்பாவுக்கு என்ன ஆச்சு? திரும்ப வந்துருச்சா?"

"நாலாயிரம் நான் போட்டதுடா. சைபர்தான் அப்பா போட்டது."

அவனுக்குப் பின்னால் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"எத்தன நாளா?"

"மூணு வாரமா."

"மூணு வாரமும் அப்பா கையே அசைக்கலயா?"

"நான் குடுக்கல."

அவன் வைத்துவிட்டான். திட்டியிருந்தால் தேவலை. நான் டி.வி.யைப் போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். கோட்டை முழுசாக இருந்தது, முன்னால் ஆறு கல். பள்ளிக்கூட லீவு நாட்களில் அப்பாவுக்கு நாற்று சுமந்து கொடுத்தவன் அவன்; விளக்கம் எதுவும் எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து பதில் வந்தது. "கடைசி ரெண்டு மட்டும் தவறிருச்சு." அதற்கு அடுத்து இன்னொன்று. "விடாத அக்கா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் காபி கலந்துகொண்டு வருவதற்குள் அப்பா தானாகவே சுவரைப் பிடித்து வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். கையை நீட்டினார். பட்டையைக் கட்டினேன். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட விடவில்லை. உடைக்கச் சொல்லவில்லை. "அஞ்சாவது கொஞ்சம் கிட்டக்க வந்துருச்சுப்பா" என்று மட்டும் சொல்வேன். அந்தச் சமயம் குறுவைக்குத் தண்ணீர் வந்து, நான் போகிற பஸ் பாதையில் நடவு நடந்துகொண்டிருந்தது. நான் பார்த்தது அங்கே வீசிப் போடுகிற ஆளின் மணிக்கட்டை. அதை அப்படியே பிசியோதெரபிப் பெண்ணிடம் செய்து காட்டி, இந்த அசைவுக்கு எந்த விரலுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

அவள் அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தாள். "தோளும் மணிக்கட்டும் நல்லா வந்திருக்குக்கா. விரல்தான், தினம் செஞ்சதுக்கு இன்னும் கொஞ்சம் வந்திருக்கணும்" என்றாள். போன முறை அவள் போனில் விசாரித்தபோதும் தினமும் விளையாடுகிறார் என்றுதான் சொல்லியிருந்தேன். அவளிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் அப்பாவின் கையைத் துண்டால் துடைத்துவிட்டாள்.

ஜூலை மாதத்துத் தாள் வந்தது, போனது. ஆடிப்பெருக்கன்று அத்தை கலந்து கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தை அப்பா தன் கையால் எடுத்துச் சாப்பிட்டார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து சின்னதாக ஓர் உருண்டை பிடித்தன. பாதி வழியில் சிந்தியது, மீதி வாய்க்குப் போனது. கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். "உப்பு" என்றார். குறைச்சல் என்று அர்த்தம். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது.

அது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அப்பா இப்போதும் தன் கையால்தான் சாப்பிடுகிறார். மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் விரியவே இல்லை, உள்ளங்கையோடு மடிந்தே கிடக்கின்றன. குழம்புச் சோறு அந்தப் பக்கமாக வழிந்துவிடும். அந்த மூன்று வாரமும் அவரே வீசியிருந்தால் அந்த இரண்டு விரல்களும் வந்திருக்குமா என்பதை எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. நான் கேட்கவும் இல்லை. வேளைக்கு வேளை அப்பா சாப்பிட்டு எழுந்ததும், அந்த விரல்களுக்கு அடியில் சிந்திய சோற்றை நான்தான் குனிந்து பொறுக்கி எடுக்கிறேன்.